சடை விரிப்பு

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, சேலம் வட்டாரத் தறிகளின் ஓசையும் அடங்கிற்று. கூலியற்ற வீட்டில் பகற்பொழுது எத்துணை நீளமானது என்பதை நீங்களும் சிறு வயதில் கண்டிருப்பீர்கள்.

அந்நாள்களில் மேச்சேரியில் எங்கள் தெருத் திண்ணைகளில் பழஞ்சேலைகள் விரிப்புகளாயின. நைந்த பருத்திச் சேலையை இரு விரல் அகலத்தில் கிழித்து, மூன்று பட்டைகளைச் சடையாகப் பின்ன வேண்டும். பின்னர் அச்சடையை நடுவிலிருந்து வட்டமாகச் சுருட்டி, சுற்றுக்குச் சுற்று ஊசியால் தைக்க வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் விரிப்பு கிண்ணம்போல் குழிந்துவிடும். என் முதல் விரிப்பு அவ்வாறே ஆயிற்று!

துன்பக் காலத்தில் கைவேலையை நாடுவது நம் பகுதிக்குப் புதிதன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம், மழை பொய்த்த ஊர்களில் பெண்கள் நூற்ற நூலுக்குக் கூலி தந்தது. அங்கு இராட்டை பொழுதுபோக்கன்று; அடுப்பெரித்த கருவி. எரவாடா சிறையில் காந்தியடிகள் நூற்றதோ வேறு வகை. அது அவருக்கு அன்றாட வழிபாடு.

ஊரடங்கின்போது கணவரை இழந்த அண்டை வீட்டு அம்மையார், அவருடைய வேட்டியைக் கிழிக்க மூன்று நாள் தயங்கினார். நான்காம் நாள் தாமே கிழித்துப் பின்னினார். அவ்விரிப்பை இன்றுவரை எவரும் மிதித்ததில்லை. அது அவருடைய சாய்வு நாற்காலியின்மேல் கிடக்கிறது.