லாகு மக்களின் மொழியும் சமயமும்

வாழிடம்: சீனாவின் யுனான் மாகாணம், மியன்மாரின் சான் மாநிலம், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகியவற்றின் மலைப்பகுதிகள்.

மொழி:
1. திபெத்தோ - பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.
2. கறுப்பு லாகு பேச்சுவழக்கில் 7 தொனிகள் உள்ளன. தொனி மாறினால் சொல்லின் பொருளும் மாறும்.
3. தமிழைப் போன்று வினைச்சொல் வாக்கிய இறுதியில் வரும்.

சமயம்:
1. உலகைப் படைத்த முழுமுதற் கடவுள் ‘குயிசா’ ஆவார்.
2. ‘நே’ எனப்படும் ஆவிகளுக்குப் படையலிடுவர்.
3. மகாயான பௌத்தம் சீனாவிலிருந்து பரவியது.
4. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க பப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் யங் கெங்துங் பகுதியில் கிறிஸ்தவத்தைப் பரப்பினார்.

வினா: லாகு மக்களுக்குக் கடவுட் கொள்கையைத் தந்தவர்கள் மிஷனரிமாரா?

விடை: இல்லை. மிஷனரிமார் உரோம எழுத்து முறையை உருவாக்கினர். ஆனால் கடவுளைக் குறிக்க ‘குயிசா’ என்ற லாகுப் பெயரையே கையாண்டனர். அதற்கு முன்பே ‘முபாமிபா’ என்னும் படைப்புக் காவியம் வாய்மொழியாகப் பாடப்பட்டு வந்தது. சீனா 2006இல் அதனைத் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கவனிக்க: மாணவர்கள் பலர் ‘எழுத்தில்லாத மக்களுக்கு இலக்கியமில்லை’ என எழுதிப் புள்ளிகளை இழப்பர். எழுத்து பிந்தியது, மொழியும் நம்பிக்கையும் முந்தியவை.