கட்டுரைப் பயிற்சி: எனது ஓய்வுநேர ஆக்க முயற்சி

மாணவர்களே,

"எனது பொழுதுபோக்கு", "ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கல்" போன்ற தலைப்புகளைக் கண்டதும் இலகுவானவை என்று கருதிப் பலர் அவற்றையே தெரிவு செய்கின்றீர்கள். ஆனால் நான் திருத்தும் கட்டுரைகளுள் மிகவும் வறண்டவை இத்தலைப்புகளிலேயே அமைகின்றன. மொழியறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. எழுதுவதற்கு விடயம் இல்லாமையே காரணம்.

பின்வரும் பந்தியை வாசியுங்கள்.

"மனிதனுக்குப் பொழுதுபோக்கு மிகவும் அவசியமானதாகும். முத்திரை சேர்த்தல், தோட்டம் செய்தல், புகைப்படம் எடுத்தல் எனப் பொழுதுபோக்குகள் பலவகைப்படும். எனது பொழுதுபோக்கு புகைப்படம் எடுத்தலாகும். இது மனதிற்கு மகிழ்ச்சியைத் தருகின்றது."

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் "புகைப்படம் எடுத்தல்" என்பதை நீக்கிவிட்டு "முத்திரை சேர்த்தல்" என்று எழுதினாலும் பந்தியில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. எழுதியவர் ஒரு படமாவது எடுத்தவரா என்ற ஐயம் திருத்துபவருக்கு எழும். இனி இதனைப் பாருங்கள்.

"எங்கள் வளவிலுள்ள தேசிமரத்தின் கொழுந்தில் குண்டூசித் தலையளவு மஞ்சள் முட்டையொன்று இருந்தது. நான்காம் நாள் அதிலிருந்து வந்த புழு, பறவையின் எச்சம் போலவே தோன்றியது. படத்தைக் காட்டியபோது அம்மா அதை எச்சமென்றே நினைத்தார். பத்து நாட்களுக்கு மேல் சென்றபின் அது பச்சை நிறமாகி இலையோடு இலையாக மறைந்துவிட்டது. அன்று எடுத்த பதினேழு படங்களில் மூன்றே தெளிவாக வந்தன."

இங்கே கடினமான சொல் ஒன்றுமில்லை. உவமை கூட ஒன்றுதான். ஆனால் இடம் இருக்கின்றது, நாட்கணக்கு இருக்கின்றது, அம்மா ஏமாந்தது இருக்கின்றது, சரிவராத பதினான்கு படங்களும் இருக்கின்றன. இப்படி எழுத வேண்டுமாயின் இப்படியொன்றைச் செய்திருக்க வேண்டும். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்வதால் இது வராது. இந்தப் பந்தியை மனனம் செய்தாலும் வராது!

அப்படியாயின் எதைச் செய்யலாம்? "இயற்கையைப் படம்பிடித்தல்" என்பது மிகப் பரந்தது. அதனாற்றான் பலர் தொடங்கி ஒரு கிழமையில் விட்டுவிடுகின்றனர். அதைச் சுருக்குங்கள். ஒரு மரம், ஒரு மாதம், ஒரு கொப்பி. மேலே கூறிய தேசிமரத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் முட்டையிடுவது கறுப்பும் இளமஞ்சளும் கலந்த இறகுகளைக் கொண்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. முட்டையிலிருந்து பூச்சி பறக்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். புழுவை மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடும் மணம் பரப்பும். எதிரிகளை விரட்டும் உபாயம் அது. விஞ்ஞான பாடத்தில் நிறைவான உருமாற்றம் என்று படிப்பது இதையே. தேசிமரம் இல்லாத வீட்டில் கறிவேப்பிலை மரத்தைப் பாருங்கள். அங்கும் இதே இனத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவதுண்டு.

படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டிலுள்ள கைத்தொலைபேசி போதும். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்திருக்க வேண்டும். மன்னாரில் வங்காலைச் சரணாலயம் உள்ளது. 2010ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். அங்கு வரும் பூநாரைகளைக் கைத்தொலைபேசியால் எடுத்தால் படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிகளே மிஞ்சும். புழுவும் பூவும் சிலந்தி வலையும் அப்படியல்ல. அவற்றுக்கு அருகே நீங்கள் போகலாம். திரையில் உருவைப் பெருப்பித்து எடுப்பதைவிட ஓரடி கிட்டப் போய் எடுப்பது நல்லது. காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 4 மணிக்குப் பின்னரும் வெயில் சாய்வாக விழுவதால் உருவங்கள் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் நிழல் கறுத்து, வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துப் போகும். குருவிக் கூட்டைப் படமெடுக்க மறைக்கும் கிளையை ஒருபோதும் ஒடிக்காதீர்கள். அடுத்து அதைக் காண்பது காகமாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு நாளும் கொப்பியில் திகதி, நேரம், கண்டது என மூன்று வரி எழுதுங்கள். என்னைக் கேட்டால் படத்தைவிட இந்த மூன்று வரிதான் முக்கியம். கட்டுரை இதிலிருந்தே பிறக்கும்.

ஒரே விடயத்தை விடாது பிடித்தவருக்குச் சிறந்த உதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி. தாய் கொடுத்த நுணுக்குக்காட்டியில் பனித்துகள்களைப் பார்த்துப் பழகியவர், அதனுடன் புகைப்படக் கருவியை இணைத்து 1885ஆம் ஆண்டு, தமது 19ஆம் வயதில், தனியொரு பனித்துகளைப் படமெடுத்தார். துகள் உருகுமுன் எடுத்தாக வேண்டும். மாட்டுப்பண்ணை வேலையையும் செய்துகொண்டே வாழ்நாளில் 5,000இற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் 2,000இற்கும் அதிகமானவை 1931இல் நூலாக வெளிவந்தன.

கருவியே இல்லாதவர் வரையலாம். ஜீ. எம். ஹென்றி என்பவர் 1891ஆம் ஆண்டு இலங்கையிற் பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றியவர். அவருடைய பதவி பூச்சியியல் சார்ந்தது. ஆனால் இலங்கைப் பறவைகள் பற்றி அவர் எழுதி, தாமே படங்களும் வரைந்து 1955இல் வெளியிட்ட நூலினாலேயே இன்றும் நினைக்கப்படுகின்றார்.

"சோதினை வருடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. புழுவைப் படமெடுக்க வாங்கிய தொலைபேசி ஒரு மணித்தியாலம் கையிலேயே இருந்துவிடும் என்பதைப் பெற்றோர் அறிவர். ஆகவே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிப் பத்து நிமிடம் வாங்கி, எடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தையும் பதினொராம் ஆண்டு என்பதற்காக நிறுத்திவிடுவதை நான் ஏற்கமாட்டேன். காலை முதல் இரவு வரை பாடசாலையும் ரியூசனுமாக இருக்கும் பிள்ளைக்குத் தானாகத் தெரிவு செய்த வேலை என்று ஒன்றாவது வேண்டும். அதற்கு எவரும் புள்ளி போடுவதில்லை. பிழைத்தால் ஏசுவாரும் இல்லை.

எழுதும்போது "மனிதனுக்குப் பொழுதுபோக்கு அவசியம்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் கண்ட ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். பயன்களை ஒரு பந்திக்குள் அடக்குங்கள். சரிவராமற் போன ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். அதுவே வாசிப்பவரை நம்பவைக்கும்.

பயிற்சி

1. உங்கள் வளவிலோ பாடசாலை வளவிலோ ஒரு மரத்தைத் தெரிவு செய்து ஏழு நாட்கள் அவதானித்து, நாளொன்றுக்கு மூன்று வரி வீதம் எழுதுக.

2. அக்குறிப்புகளைக் கொண்டு "நான் அவதானித்த மரம்" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுக. "மகிழ்ச்சி", "அழகு" ஆகிய சொற்களைப் பயன்படுத்தலாகாது.

3. மேலே தந்த முதலாவது பந்தியை, உங்களுக்கு உண்மையில் தெரிந்த ஒரு முயற்சியைப் பற்றியதாக மாற்றி எழுதுக.