மாநாட்டுச் செயலி: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்கு வரும் மளிகைக் கடைக்காரருக்கு ஒரு நாள் வியாபாரம் போகிறது. ஜி.எஸ்.டி. பற்றிய விளக்கம் எத்தனை மணிக்கு, எந்தக் கூடத்தில் என்று தெரியாமல் அவர் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினால், அவருக்குக் கிடைத்த பயன் என்ன? இதற்காக ஒரு செல்போன் செயலி செய்யலாம் என்ற யோசனை தங்கள் செயற்குழுவில் எழுந்தால் நல்லதே. ஆனால் சந்தாப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவது அவசியம்.

முதல் கேள்வி, நெட் இல்லாமல் இது வேலை செய்யுமா என்பதுதான். பல்லாயிரம் பேர் ஒரே மைதானத்தில் கூடும்போது அத்தனை செல்போன்களும் ஒன்றிரண்டு டவர்களைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிக்னல் கோடு முழுதாகத் தெரியும். பக்கம் மட்டும் திறக்காது. ஆகவே நிகழ்ச்சி நிரல், மைதான வரைபடம், சாப்பாட்டுக் கூடம், பஸ் நிற்கும் இடம் யாவும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் இறங்கியிருக்க வேண்டும். நேர மாற்றம் போன்ற சிறு செய்திகள் சிக்னல் கிடைத்தபோது வந்து சேரட்டும். நிரல் கடைசியாக எத்தனை மணிக்குத் திருத்தப்பட்டது என்பதும் திரையில் தெரிய வேண்டும். இல்லையேல் பழைய நேரத்தை நம்பி ஏமாறுவார்.

வாசலில் ஓ.டி.பி. கேட்கும் ஏற்பாட்டை அறவே தவிர்க்கவும். எஸ்.எம்.எஸ். தாமதமானால் வரிசை சாலை வரை நீளும். அதற்குப் பதில் கியூ.ஆர். சீட்டை முன்கூட்டியே போனில் சேமித்துக்கொள்ளச் சொல்லலாம். 1994-ல் ஜப்பானில் மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உண்டாக்கப்பட்ட அந்தக் கட்டம்தான் இன்று நம் கல்லாவின் மேல் ஒட்டியிருப்பது. விவரம் கட்டத்துக்குள்ளேயே இருப்பதால் அதைப் படிக்க நெட் தேவையில்லை. பதிவுப் பட்டியல் வாசல் தொண்டரின் போனில் முன்பே ஏறியிருந்தால் போதும். ஸ்மார்ட்போன் இல்லாத உறுப்பினருக்கு அதையே காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் ஆயிற்று.

அடுத்து கண்ணும் விரலும். பட்டன் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகல உயரமாவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வடிவமைப்பு நெறி. சாம்பல் நிற எழுத்து ஆபீஸ் அறையில் அழகாக இருக்கும். மே மாத வெயிலில் தெரியாது. வெள்ளையில் கறுப்பே மேல். செயலியை ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுப் பிறகு தமிழாக்கினால் ‘பதிவு செய்துகொள்ளவும்’ என்பது பட்டனுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். தமிழிலேயே தொடங்கச் சொல்லவும்.

முதல் திரையில் தலைவர், செயலாளர், பொருளாளர் படங்களைப் போட ஆசை எழும். (எந்தச் சங்கத்தில்தான் எழாது?) உறுப்பினர் தேடுவதோ, இப்போது எங்கே என்ன நடக்கிறது என்பதை. படங்கள் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும்.

பதிவில் வாங்கும் போன் எண்களை ஸ்டால் போடும் கம்பெனிகளுக்குக் கேட்காமல் கொடுத்துவிடக் கூடாது. எந்தக் காரியத்துக்கு என்று சொல்லி ஒப்புதல் பெறுவதே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்னதாக, அறுபது வயதைக் கடந்த ஐந்து உறுப்பினர்களிடம் செயலியைக் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல், ஜி.எஸ்.டி. விளக்கக் கூடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துத் திருத்தித் தரச் சொல்லவும். மீதித் தொகையை அதன் பிறகு கொடுப்பது உத்தமம்.