பக்கவாதம்: ஆஸ்பத்திரிக்கு முன்னும் பின்னும்

1. வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று மட்டும் சரிகிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். "சித்த நேரம் படுத்தா சரியாயிரும் மக்கா" என்று நோயாளியே சொல்வார், கேட்காதீர்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போக வேண்டும். அடுத்தது பெரிதாக வரலாம்.

2. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், அதற்கு முன் அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம்தான் கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் சி.டி. ஸ்கேனில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே நல்ல நேரம் போய்விடும். நடுவில் ஒரு கிளினிக்கில் நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்கும் யோசனை வேண்டாம். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் குழாய் செலுத்திக் கட்டியை எடுப்பதும் உண்டு. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. அதனால் நேரமாகிவிட்டதென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்பதை ஸ்கேன் பார்த்த டாக்டர் சொல்லட்டும்.

3. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். கருப்பட்டிக் காப்பி வேண்டாம், பிரஷர் மாத்திரையும் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரத்தக்கசிவாக இருந்தால் அதுவே கேடு. பக்கவாதத்துக்கு மருந்தென்று புறா ரத்தம் தேடி அலைவதற்கு என்ன சொல்ல! மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

4. சாப்பிடும் மாத்திரைகள், காப்பீட்டு அட்டை, ஆதார் மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. வீடு திரும்பிய பின் பெரிய ஆபத்து சாப்பாட்டில்தான். நம்மூர்க் கஞ்சியில் தண்ணீர் தனி, பருக்கை தனி. விழுங்கச் சிரமப்படுபவருக்கு இந்தக் கலவைதான் புரையேறும். மிக்ஸியில் கெட்டியாக அடித்து, நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. வலுவிழந்த பக்கக் கன்னத்தில் சோறு ஒதுங்கி நிற்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகுமுன் கேட்டு வாருங்கள்.

6. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்.

7. முதல் சில மாதங்களில்தான் தேறுதல் வேகமாக இருக்கும். பயிற்சியைப் பழக்கமான வேலையில் வையுங்கள். தோவாளைப் பக்கம் பூத் தொடுத்த கைக்கு ரப்பர் பந்தைவிடப் பூதான் பொருந்தும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

8. வர்ம ஆசானிடம் போவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். உணர்ச்சியில்லாத காலில் அங்கே கொடுக்கும் கிழி ஒத்தடத்தின் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும்.

9. பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று எண்ணி, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். வார்த்தை வரும்வரை பொறுத்திருங்கள். பேச வராதவர் சிலருக்குப் பழைய பாட்டு வரும். கூடச் சேர்ந்து பாடலாம்.

10. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் நான்கிலும் உப்புதான். வீட்டில் எல்லோருமே குறைத்தால் நோயாளி முரண்டு பிடிக்கமாட்டார். பிரஷர் சரியாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவது மறுபடி விழுவதற்கு வழி.