கடதாசிக் கோப்பையின் உட்பூச்சும் கூட்டெருக் குழியும்

அறுவடை, திருமணம், கோயில் விழா ஆகிய காலங்களில் தேநீர் பருகியபின் எறியப்படும் கடதாசிக் கோப்பைகள் குப்பையுடன் சேர்ந்து கூட்டெருக் குழியை அடைகின்றன. கடதாசி மரக்கூழினாற் செய்யப்படுவது; ஆகவே அது வைக்கோலைப்போல உக்கிவிடும் என்பது கமக்காரர் பலரின் எண்ணம். இவ்வெண்ணம் பாதியளவே சரியானது.

உட்பூச்சு எதற்காக?

கடதாசியின் செலுலோசு நார்கள் நீரை உறிஞ்சுவன. பூச்சில்லாத கோப்பையில் தேநீரை வார்த்தால் அது சிறிது நேரத்தில் நெகிழ்ந்து கசியும். இதனைத் தடுக்க முற்காலத்திற் பரபின் மெழுகு பூசப்பட்டது. பின்னர்ப் பொலித்தீன் அதனிடத்தைப் பெற்றது. சாதாரண கடதாசிக் கோப்பையின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு இப்பூச்சாகும். நெடுநாட் கெடாத பால், பழரசம் ஆகியவற்றின் பெட்டிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு பொலித்தீனும் 5 பங்கு அலுமினியமும் உண்டு.

இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 ஆந் திகதி முதல், யோகட்டுக் கோப்பைகள் நீங்கலாக, ஒரு முறை பாவித்து எறியும் பிளாத்திக்குக் கோப்பைகள் தடைசெய்யப்பட்டன. அவற்றுக்குப் பதிலாகக் கடதாசிக் கோப்பையை வாங்குவோர் அதன் உட்பூச்சையும் அறிதல் வேண்டும்.

மண்ணில் நிகழ்வது

குழியிலுள்ள பங்கசுகளும் பற்றீரியாக்களும் கடதாசி நாரைச் சில மாதங்களில் உக்கச் செய்கின்றன. பொலித்தீனோ மெல்லிய தோலாக எஞ்சுகின்றது. அது எருவுடன் பாத்தியை அடைந்து, மண்வெட்டி படுந்தோறும் கிழிந்து சிறு துணுக்குகளாகின்றது. ஒரு கோப்பையிலுள்ளது அற்பமே; ஆயினும் போகந்தோறும் சேர்ந்த துணுக்குகளைப் பின்னர்ப் பொறுக்கியெடுத்தல் இயலாது. மண்ணைத் திருத்த இடும் எருவே மண்ணைக் கெடுப்பதற்கு இடங்கொடுத்தலாகாது.

உக்கும் பூச்சுகள்

பொலித்தீனுக்குப் பதிலாகப் பல பொருள்கள் ஆராயப்பட்டுள்ளன. அவற்றுட் சில வருமாறு:

(1) பொலி இலத்திக்கு அமிலம்: சோளம், கரும்பு முதலியவற்றின் வெல்லத்தை நொதிக்கச் செய்து பெறப்படுவது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பம் பல வாரம் நிலைக்கும் பெரிய கூட்டெரு ஆலைகளில் இது நன்கு உக்கும். வீட்டுக் குழி அவ்வெப்பத்தை அடையினும் சில நாளில் ஆறிவிடும். ஆதலால் "உக்கத்தக்கது" என்னும் அடையாளத்தை மட்டும் நம்புதல் போதாது.

(2) மெழுகுகள்: தேன்மெழுகும், தவிட்டெண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் மெழுகும் நீரை நன்கு தடுப்பன. தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகுமாதலாற் சுடுபானத்துக்கு ஏற்றதன்று.

(3) மாப்பொருளும், இறால் ஓட்டிலிருந்து பெறும் கைற்றோசனும்: எண்ணெயையும் ஒட்சிசனையும் தடுப்பன, நீரைத் தடுப்பதிற் குறைவுடையன.

(4) பற்றீரியாக்கள் தம் உடலிற் சேமிக்கும் பொருள்: 1926 இல் பாரிசு நகரின் பாஸ்ரர் நிறுவனத்தில் மோரிசு லெமுவாஞ் என்பவர் ஆராய்ந்து வெளிப்படுத்தியது. சாதாரண மண்ணிலும் உக்கும், விலையோ அதிகம்.

உக்குதல் ஒன்று, மீள உபயோகித்தல் வேறொன்று. பழைய கடதாசியை நீரிற் கூழாக்கியே புதுக் கடதாசி செய்யப்படுகின்றது. பூச்சு நாரிலிருந்து எளிதிற் பிரியாவிடின் அக்கூழ் பழுதுறும். ஆகவே நல்ல பூச்சு பானத்தைத் தாங்கவும், கூழிற் பிரியவும், மண்ணில் உக்கவும் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெறுதல் எளிதன்று.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை

கோப்பையைக் கிழித்து இளஞ்சூட்டு நீரில் ஒரு நாள் ஊறவைத்து, விரல்களாற் தேய்க்க. நார் கரைந்தபின் வழுவழுப்பான தோல் எஞ்சின், அக்கோப்பை குழிக்கு உதவாது. தோல் எஞ்சாவிடின், சில துண்டுகளை வெங்காயப் பையிலிட்டுக் குழியிற் புதைத்து, மூன்று மாதத்தின் பின் எடுத்துப் பார்க்க. முற்றும் உக்கியிருந்தால் மாத்திரமே அவ்வகைக் கோப்பைகளைக் குழியிற் சேர்க்கலாம்.

கமக்காரர் கவனிக்க

பூச்சுள்ள கோப்பைகளையும் பெட்டிகளையும் வேறாகச் சேர்த்து, கழிவு சேகரிப்போரிடம் கொடுத்தல் வேண்டும். அவற்றை வளவில் எரித்தலாகாது. கூட்டெருவை விலைக்கு வாங்குவோர் ஒரு பிடி எருவை அரித்துப் பார்த்து, பொலித்தீன் துணுக்குகள் இருப்பின் அதனை ஏற்காது விடுதல் நன்று.

வாழையிலையின் மேல் நீர் ஒட்டாது உருள்வது, இலை இயற்கையாகவே மெழுகுப் பூச்சுடையதாதலால் ஆகும். பனையோலைப் பிளாவிற் கூழ் பருகியபின் அதனை அப்படியே குழியில் இடலாம்; சிரட்டையைக் கழுவி மீண்டும் பாவிக்கலாம். வயலில் வேலையாட்களுக்குப் பானம் கொடுக்க இவையே சிறந்தன; இவை மண்ணிற் பொலித்தீனைச் சேர்ப்பனவல்ல.