குடி: ஏன் தொற்றுகிறது, எப்படிக் கண்டறிவது?

சம்பள நாளில் கடைப் பற்றுக்கு முன்னால் தவறணைக் கடன் தீருகிற வீடுகள் நம் தோட்டங்களில் இருக்கின்றன. "அந்த மனுசன் திருந்தவே மாட்டார்" என்று கைவிடுவதற்கு முன், இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோரும் வாசியுங்கள்.

காரணங்கள்

குடிக்கு அடிமையாவது வெறும் குணக்கேடு அல்ல, அது ஒரு நோய். அந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரையைச் சேர்ந்தது. மீதிப் பங்கு சூழலாலும் பழக்கத்தாலும் வருவது. குளிருக்கும் உடம்பு அலுப்புக்கும் என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். நாள் போகப்போக மூளை அதற்குப் பழகிவிடும். முன்பு ஒரு கிளாஸ் போதும், பிறகு கால் போத்தலும் போதாது. அலுப்பும் தீராது, நித்திரையும் கெடும்.

மனக்காயமும் ஒரு காரணம். 1977 கலவரத்துக்குப் பின் நம்ம சனங்கள் பலர் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறினார்கள். கனகராயன்குளம் உட்பட அந்த ஊர்கள் 2009 வரை போரையும் இடப்பெயர்வையும் கண்டன. போர் நடந்த வடக்கில் குடிப்பழக்கம் கூடியதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது ஆய்வுகளில் எழுதியிருக்கிறார். மறக்கக் குடித்தாலும் துக்கம் இருந்தபடியே இருக்கும். அதோடு குடியும் சேர்ந்துகொள்ளும்.

நான்கு கேள்விகள்

வயிற்றெரிவு, பிரஷர், அடிக்கடி விழுந்து காயம் என்று மருந்துக்கு வருபவரிடம் குடியைப் பற்றியும் கேட்கவேண்டும். 1984இல் அமெரிக்க மருத்துவர் ஜோன் யூவிங் வெளியிட்ட நான்கு கேள்விகளின் சாரம் இது:

1. குடியைக் குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா?
2. மற்றவர்கள் குறை சொல்லும்போது எரிச்சல் வருகிறதா?
3. குடித்ததை நினைத்து மனம் குத்துகிறதா?
4. காலையில் கை நடுக்கம் போக ஒரு மடக்கு தேவைப்படுகிறதா?

இரண்டுக்கு "ஆம்" என்றால் வைத்தியரிடம் போகவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவமும் இருக்கிறது. அதில் 40க்கு 8 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்கவேண்டும். ஏசிக்கொண்டு கேட்டால் பொய்தான் பதிலாக வரும். பிரஷரைப் பற்றிக் கேட்பதுபோல அமைதியாகக் கேளுங்கள்.

கவனம்

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, இல்லாதது தெரிவது போன்றவை வரலாம். உயிருக்கே ஆபத்து. "பேய் பிடிச்சிருக்கு" என்று லயத்தில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நிறுத்த விரும்புபவர் வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

பிள்ளைகளைச் சாராயம் வாங்க அனுப்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. குடியை நிறுத்தியவர் மறுபடி ஒருநாள் தவறினாலும் வெறுக்காதீர்கள். பிரஷர் மறுபடி கூடினால் மருந்தை விட்டுவிடுகிறோமா? இதுவும் அப்படித்தான்.