பந்தயக் காரின் எரிபொருட் பை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

"ஃபியூயல் செல்" என்றவுடன் வேதியியல் மாணவர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு மின்சாரம் தரும் கலமே ஆகும். வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டில் உருவாக்கிக் காட்டிய அக்கலத்திற்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை. கார்ப் பந்தய உலகில் அதே பெயர் வேறொரு பொருளைக் குறிக்கிறது. மோதலில் கார் நொறுங்கினாலும் உள்ளிருக்கும் பெட்ரோல் வெளியே சிந்தாதபடி காக்கும் தனிவகைத் தொட்டி அது. அதனை நாம் "எரிபொருட் பை" என்று அழைப்போம். பழைய சிறிய பந்தயக் கார் ஒன்றில் அப்பையைப் பொருத்தும் முறையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும் காண்போம்.

பெட்ரோலின் இயல்பு

பெட்ரோலில் எரிவது திரவமன்று, அதன் ஆவியே. சுழிக்குக் கீழ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றுவதற்குப் போதுமான ஆவி அதிலிருந்து எழும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டிவிடும். ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையின் 100 பங்கில், ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை ஆவி இருந்தால் அது தீப்பிடிக்கும். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. காலித் தொட்டியிலோ எஞ்சிய சில துளிகளின் ஆவியும் காற்றும் கலந்து, வெடிக்கத் தயாராக நிற்கும்.

என் தமையனார் கார்ப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை செய்பவர். "காலித் தொட்டிதானே" என்று துணிந்து பற்றவைப்பவர்கள் அத்தொழிலில் உண்டு என்பார். மேற்கண்ட எண்களை நான் விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பந்தயம் எப்படி ஓட்டுகிறார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை காணப் பல உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது.

வரலாறு

இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்கு ரப்பர் உறை இடப்பட்டது. குண்டு துளைத்தால், பெட்ரோல் பட்டவுடன் உள்ளிருக்கும் பச்சை ரப்பர் உப்பித் துளையை அடைத்துவிடும். ஆனால் பந்தயக் கார்கள் நெடுங்காலம் உலோகத் தொட்டிகளுடனேயே ஓடின.

1964 மே 30 அன்று அமெரிக்காவின் இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாம் சுற்றில், டேவ் மெக்டொனால்டின் கார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. அவரும், அத்தீயில் வந்து மோதிய எடி சாக்ஸும் உயிரிழந்தனர். இதன் பின்னரே ரப்பர் எரிபொருட் பைகள் அமெரிக்கப் பந்தயங்களில் வேகமாகப் பரவின. 1970 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் அவை கட்டாயமாயின. அதே காலத்தில் அமெரிக்க இராணுவ ஹெலிகாப்டர்களிலும் மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்புகள் பொருத்தப்பட்டன. விழுந்த ஹெலிகாப்டர்களில் தீயால் இறப்போரின் தொகை பெரிதும் குறைந்தது.

பையின் அமைப்பு

எரிபொருட் பையில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே அலுமினியம் அல்லது எஃகுப் பெட்டி. அதனுள், வலிமைமிக்க செயற்கை இழைத் துணியில் ரப்பர் ஏற்றித் தைத்த பை. பைக்குள் கண்ணறைகள் திறந்த பஞ்சு.

தகரத் தொட்டி மோதலில் நசுங்கும்போது அதன் கொள்ளளவு குறைகிறது. திரவம் எளிதில் அமுங்காது. ஆகவே தொட்டியின் மூட்டு பிளந்து பெட்ரோல் பீறிடுகிறது. பையோ வடிவம் மாறி இடம் கொடுக்கிறது. வெள்ளத்தில் நாணல் பிழைப்பதும் இவ்வாறே அன்றோ!

பஞ்சின் பணி இரண்டு. வளைவுகளில் பெட்ரோல் அலைமோதுவதை அது தடுக்கிறது. அத்துடன், தீச்சுடரின் வெப்பத்தை நுண்ணிய இழைகளால் உறிஞ்சி, சுடர் பரவாமல் செய்கிறது. 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பிவலை விளக்கை அமைத்ததும் இதே தத்துவத்தின் அடிப்படையில்தான். பஞ்சு அடைத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு.

தவளைக்கண் காரில் பொருத்துதல்

இங்கிலாந்தில் 1958 முதல் 1961 வரை ஆபிங்டன் நகரில் தயாரான ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு காரை எடுத்துக்கொள்வோம். முகப்பில் துருத்தி நிற்கும் விளக்குகளால் அதற்குத் "தவளைக்கண்" என்று செல்லப்பெயர். 948 கன செ.மீ. எஞ்சின், எடை ஏறத்தாழ 660 கிலோ. அதன் தகரத் தொட்டி காரின் வால்பகுதியில், தளத்தின் அடியில் தொங்குகிறது. கொள்ளளவு 6 காலன், அதாவது 27 லிட்டர். எடை சுமார் 20 கிலோ.

இப்போது ஒரு கணக்கு. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டரில் செல்லும் கார் சுவரில் மோதி, 40 செ.மீ. தூரத்தில் நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், எதிர்முடுக்கம் 500 மீ/நொடி² எனக் கிடைக்கும். 20 கிலோ பெட்ரோலின் உந்துவிசை 10,000 நியூட்டன். ஒரு டன் எடைக்குச் சமம். முழுக் காரின் எடையையும்விட இது மிகுதி! ஆகவே பெட்டியை இரண்டு திருகாணியால் தளத்தில் மாட்டுவது போதாது. எஃகுச் சட்டம் கட்டி, அதில் பெட்டியை அமர்த்தி, உலோகப் பட்டைகளால் குறுக்கும் நெடுக்கும் இறுக்க வேண்டும். இக்காரின் பின்சக்கர வில்களின் பளு அச்சுக்கு முன்னாலேயே உடலில் இறங்குவதால், வால்பகுதி மெல்லிய தகட்டால் ஆனது. எனவே சட்டத்தின் கால்களை அடியில் அகன்ற தகடு கொடுத்தே பிணைத்தல் வேண்டும். கூரிய விளிம்போ, நீண்ட திருகாணி முனையோ பெட்டியை நோக்கி இருத்தல் ஆகாது.

இரண்டாவது, தீத்தடுப்புச் சுவர். இக்காருக்குப் பின்கதவே கிடையாது. இருக்கையை முன்னே சாய்த்துத்தான் பின்னால் பொருள் வைக்க முடியும். அதாவது ஓட்டுநருக்கும் வால்பகுதிக்கும் இடையே தடுப்பில்லை. ஆகவே உலோகத் தகட்டால் முழுமையாக அடைத்து, இடுக்குகளையும் மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, காற்றுக்குழாய். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று செல்ல வேண்டும்; கார் கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியேறக் கூடாது. கவிழும்போது குண்டு உருண்டு வழியை அடைக்கும் வால்வு இதற்கு உதவும். குழாயின் வாய் காருக்கு வெளியே, புகைபோக்கிக்கு எட்டாமல் அமைய வேண்டும்.

நான்காவது, பம்பு. தொடக்கத்தில் இக்காரில் இருந்தது எஞ்சினால் இயங்கும் பம்பு. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். பந்தயத்திற்காக மின்பம்பு வைத்தால் அது தானாக நிற்காது. அறுந்த குழாய் வழியே தீக்கு மேலும் பெட்ரோலை ஊட்டும். ஆகவே மோதலின் அதிர்ச்சியில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சு இன்றியமையாதது. உலோகப் பெட்டியையும் பெட்ரோல் ஊற்றும் வாயையும் காரின் உடலோடு கம்பியால் இணைத்தால் நிலைமின்சாரப் பொறியும் தவிர்க்கப்படும்.

பையின் ஆயுள்

ரப்பருக்கு மூப்பு உண்டு. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதிப்படி, பையின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். தயாரித்தவரே சோதித்துச் சான்றளித்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் சிலவகைப் பஞ்சுகள் பொடிந்து வடிகட்டியை அடைத்துக்கொள்வதும் உண்டு. எனவே பஞ்சை அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் ஃபார்முலா ஒன் கார் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. 27 நொடிகளில் அவர் தாமே வெளியேறி உயிர் பிழைத்தார். எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லும் இணைப்பு பையிலிருந்து பிய்ந்ததும், தொட்டியைப் பார்வையிடும் மூடி பெயர்ந்ததுமே பெட்ரோல் வெளியேற முக்கிய வழிகளாயின என்று விசாரணை கூறியது. உலகின் மிகச் சிறந்த பையிலும் பலவீனமான இடம் இணைப்பே என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே, விலை கொடுத்து வாங்கிய பை பாதி வேலையைத்தான் செய்யும். மறுபாதி, அதைப் பொருத்தும் தொழிலாளியின் கையில் உள்ளது. ஓட்டுநர் வெளியேறத் தேவையான அந்தச் சில நொடிகளை அவரே சம்பாதித்துத் தருகிறார். அத்தகைய கைகளுக்கு அறிவியலின் காரணங்களும் சென்று சேர வேண்டும். வகுப்பறையில் நாம் கற்கும் ஆவியும் அழுத்தமும் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. பழைய பெட்ரோல் தொட்டியைப் பற்றவைக்கப் போகும் ஒருவரை நம் ஊரில் கண்டால், "அண்ணே, பொறுங்கள், காலித் தொட்டிதான் வெடிக்கும்" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். கற்ற கல்விக்கு அதுவே பயன்.